கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: நல்ல நண்டுக்குத் தெலுக் பங்லிமா காராங் பக்கம்

கப்பல் பயண அட்டவணையில் கோலாலம்பூர் என்றுதான் போட்டிருக்கும். கப்பல் ஒதுங்குவதோ கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இண்டா தீவில். அங்கிருந்து இரட்டைக் கோபுரத்துக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நெரிசல் சேர்ந்தால் இரண்டு. நண்டுக்காக இறங்குகிறவர் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதே இல்லை. முனையத்தைச் சுற்றிலும் இருப்பது அலையாத்திக் காடு. தெற்கே லங்காட் ஆறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் இரு கரையிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டங்களை ஒட்டித் தெலுக் பங்லிமா காராங், பாலம் தாண்டினால் கேரித் தீவு, இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பந்திங். சேற்று நண்டு வளர்கிற இடமும் அதை நம் கைப்பக்குவத்தில் சமைக்கிற இடமும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த கப்பல் நிறுத்தம் இந்த வட்டாரத்தில் வேறில்லை என்பது எங்கள் முடிவு.

இந்த மதிப்பீட்டில் கடைப்பெயர் எதுவும் கொடுக்கவில்லை. நண்டுக் கடையின் தரம் பெயர்ப்பலகையில் இல்லை, அன்று காலை கூடைக்கு வந்த சரக்கில் இருக்கிறது. சென்ற மாதம் அருமையாக இருந்த கடையில் இன்று தண்ணீர் நண்டு (ஓட்டுக்குள் சதை நிரம்பாதது) மட்டும் இருக்கலாம். பக்கத்து ஒட்டுக்கடையில் சதை பிதுங்குகிற நண்டு இருக்கலாம். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் நல்ல நண்டை அடையாளம் கண்டு, சரியான விலைக்கு வாங்கி, பொருத்தமான பக்குவத்தில் கேட்டுச் சாப்பிட்டு, கப்பல் ஏறத் தெரிய வேண்டும். அதற்குத் தேவையானவை கீழே.

முதலில் நேரம்

காலை 8 மணிக்குக் கட்டி மாலை 6 மணிக்குப் புறப்படும் கப்பலை எடுத்துக்கொள்வோம். கட்டிய உடனே யாரையும் இறக்கமாட்டார்கள். குடிநுழைவுச் சோதனை முடிந்து, சுற்றுலாப் பேருந்துக்காரர்கள் போன பிறகு, தனியாகப் போகிறவர் வெளியே வர 9 அல்லது 9.30 ஆகிவிடும். திரும்பி ஏறக் கடைசி நேரம் என்று கப்பலில் அறிவிப்பது, புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால். ஆகவே மாலை 5 மணியைத்தான் முடிவு நேரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கடல் உணவுக் கடைகள் பெரும்பாலும் 11, 11.30-க்கு மேல்தான் அடுப்பு மூட்டும். 3 மணிக்கு மூடிவிட்டு மாலையில் மறுபடி திறக்கிற கடைகள் நிறைய. வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் உண்டு, அது பெரும்பாலும் ஒரு வார நாளில் வரும். ஆக, நண்டு சாப்பிடுகிற நேரம் 11.30-லிருந்து 2 மணி வரைதான். நண்டைத் தேர்ந்தெடுத்து எடை போட்ட பிறகு தட்டு மேசைக்கு வர 30 முதல் 40 நிமிடம் ஆகும். உரித்துச் சாப்பிட ஒரு மணி நேரம். இந்தக் கணக்கில் 2 மணிக்குக் கிளம்பினால் வழியில் எது தடங்கினாலும் சமாளிக்கலாம்.

இன்னொன்று, கைக்கடிகாரம். புக்கெட்டிலிருந்து வருகிற கப்பல் என்றால் தாய்லாந்து நேரம் மலேசிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் நேரத்தை மாற்றினார்களா இல்லையா என்பதை முந்தின இரவே வரவேற்பு மேசையில் கேட்டுவிட வேண்டும். கைபேசி தரை இறங்கியதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும், கப்பலின் அறிவிப்பு மாறாமல் இருக்கலாம். கப்பல் நேரம் மாறியிருக்க, கைக்கடிகாரத்தை மாற்ற மறந்தவர் சாப்பிட்டுக்கொண்டே கப்பலைத் தவறவிடுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான்.

வண்டியை அரை நாளுக்குப் பேசி, காத்திருப்போடு சேர்த்து எடுங்கள். போகும்போது கிராப் (கைபேசிச் செயலியில் அழைக்கும் வாடகை வண்டி) கிடைக்கும். தோட்டச் சாலையில் திரும்பும்போது கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. இண்டா தீவிலேயே பெரிய சரக்குத் துறைமுகம் இருப்பதால் கொள்கலன் லாரிகள் சாலையை நிறைத்துக்கொண்டு போகும். தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை இண்டா தீவையும் தெலுக் பங்லிமா காராங்கையும் நேராக இணைக்கிறது. ஓட்டுநரிடம் அந்த வழியே போகச் சொல்ல வேண்டும். கிள்ளான் நகரைச் சுற்றிப் போனால் நேரம் வீண்.

எங்கே போகலாம், எங்கே வேண்டாம்

முனையத்துக்குள் நண்டு தேட வேண்டாம். அது ஆள் ஏறி இறங்குகிற இடம், அவ்வளவுதான்.

கேத்தாம் தீவின் பெயரே நண்டுத் தீவு என்பதுதான். மரத்தூண்கள் மேல் நிற்கிற சீன மீனவர் கிராமம், கார் ஓடாத தெருக்கள், மிதிவண்டி. பார்க்க வேண்டிய ஊர் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கப்பல் பயணிக்கு அது இரண்டு தடை உள்ள ஊர். முனையத்திலிருந்து பழைய துறைமுகத்துப் படகுத்துறைக்கு ஒரு கார்ப் பயணம், அங்கிருந்து படகில் அரை மணிக்கு மேல், திரும்பி வர அதே இரண்டும். படகு அதன் நேரத்துக்குத்தான் கிளம்பும், நம் அவசரத்துக்கு இல்லை. ஒரு படகைத் தவறவிட்டால் அன்றைய திட்டமே கவிழ்ந்துவிடும். கப்பல் இரவு 9, 10 மணி வரை நிற்கிறது என்றால் போகலாம். மாலை 6 மணிக் கப்பல் என்றால் வேண்டாம்.

தெலுக் கோங் முனையத்துக்கு மிக அருகில். பெரிய கடல் உணவுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நேரம் குறைவாக உள்ளவர், பத்துப் பன்னிரண்டு பேராக வருகிறவர், வட்ட மேசை போட்டு வெண்ணெய் நண்டும் உப்பு முட்டை நண்டும் கேட்கிறவர் அங்கே போவது சரி. சமையல் சீன முறை, நன்றாகச் செய்வார்கள். கப்பல் வந்த நாளில் கூட்டமும் இருக்கும்.

எங்கள் வாக்கு அதைத் தாண்டித் தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவுப் பக்கம்தான். கேரித் தீவு உண்மையில் லங்காட் ஆறு பிரித்துவைத்த தோட்ட நிலம். ஒரு காலத்தில் அங்கே தோட்டம் போட்ட எட்வர்ட் வேலண்டைன் கேரியின் பெயரே தீவுக்கு நின்றுவிட்டது. இன்றும் செம்பனை வரிசைக்கு நடுவேதான் பாதை போகிறது. கரையோரத்தில் மா மெரி பழங்குடியினரின் கம்பங்கள் (கிராமங்கள்) உள்ளன. மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றவர்கள், அலையாத்திக் காட்டின் கழிகளை நன்கு அறிந்தவர்கள். பூபு என்கிற கூண்டில் மீன் துண்டைக் கட்டிக் கழியில் இறக்கி, ஓதம் பார்த்துத் தூக்குவதுதான் இங்குள்ள நண்டுப் பிடிப்பு. இந்தச் சரக்கு தொலைதூரச் சந்தைக்குப் போய்ச் சுற்றி வராமல் பக்கத்துக் கடைக்கே வருகிற வாய்ப்பு இங்கே அதிகம். அதுதான் இந்த ஊரின் பலம்.

இரண்டாவது பலம் நம் சமையல். ஊருக்குள் நண்டைத் தொட்டியில் உயிரோடு வைத்து விற்கிற, சீனர் நடத்தும் தொட்டிக்கடைகளும் உண்டு, வாழை இலைச் சாப்பாடு போடுகிற தமிழர் கடைகளும் உண்டு. தமிழர் கடையில் நண்டுப் பெரட்டல் தினமும் இருக்காது. பெரும்பாலும் வார இறுதியில் அல்லது சொல்லிவைத்தால்தான். முந்தின நாளே தொலைபேசியில், "அக்கா, நாளைக்கு நாலு பேருக்கு நண்டு வேணும், கேத்தாம் நிப்பா (சேற்று நண்டு) கிடைக்குமா, பூ நண்டா?" என்று கேட்டுவிட்டால் பசாரிலிருந்து எடுத்துவைத்துவிடுவார்கள். கப்பலின் இணையம் விலை கூடுதல் என்பதால், முந்தின துறைமுகத்திலேயே இந்த அழைப்பை முடித்துக்கொள்வது நல்லது. நண்டை நீங்களே வாங்கிக்கொண்டு போனால் கூலிக்குச் சமைத்துத் தருகிற கடைகளும் இருக்கின்றன. அங்கே கூலி கிலோவுக்கா, தட்டுக்கா என்று முதலிலேயே கேட்க வேண்டும்.

நண்டைப் பார்க்கும் கண்

மலாயில் கேத்தாம் நிப்பா என்பது சேற்று நண்டு. ஓடு கனம், நிறம் கரும்பச்சை அல்லது பழுப்பு, கொடுக்கு பெரிது, உயிரோடு கட்டி விற்பார்கள். கேத்தாம் புங்கா என்பது பூ நண்டு. ஓடு மெல்லிசு, புள்ளி போட்டிருக்கும், ஆண் நீலம், பெண் பச்சை கலந்த பழுப்பு. அது பெரும்பாலும் பனிக்கட்டியில் இறந்த நிலையில்தான் வரும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிற கடையில் எழுந்து வந்துவிடலாம். சேற்று நண்டின் விலை பெரும்பாலும் கூடுதல்.

மேற்குக் கரை அலையாத்திக் காட்டில் அதிகம் கிடைப்பது ஆரஞ்சுச் சாயலுள்ள கொடுக்கு கொண்ட சேற்று நண்டு இனம். இது பெரிதாக வளர்கிற இனம் அன்று. 300 முதல் 500 கிராம் என்றால் உள்ளூர்ச் சரக்கு என்று நம்பலாம். ஒரு கிலோவைத் தாண்டிய நண்டைக் காட்டினால் எந்த ஊர் என்று கேளுங்கள். வேறு கரையிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வந்திருக்கலாம். அதில் தவறு ஒன்றும் இல்லை, பயணப்பட்ட நண்டு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பெரிய நண்டுதான் நல்ல நண்டு என்பது சுற்றுலாப் பயணியின் எண்ணம். சதை நிறைந்த 400 கிராம் நண்டு, உள்ளே பாதி தண்ணீராக இருக்கிற 900 கிராம் நண்டைவிட எவ்வளவோ மேல்.

தண்ணீர் நண்டு எப்படி வருகிறது? நண்டு வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் தண்ணீரை உறிஞ்சி உடம்பை ஊதவைத்து, புது ஓட்டைப் பெரிய அளவில் இறுக்கிக்கொள்ளும். ஓடு பெரிதாகிவிட்டது, அதை நிரப்பும் சதை இன்னும் வளரவில்லை. இந்த இடைக்காலத்தில் பிடிபட்ட நண்டைத்தான் வேகவைத்ததும் கொடுக்குக்குள் தண்ணீரும் நூல் போன்ற சதையும் இருக்கும். சமையல்காரர் என்ன செய்தாலும் அது தேறாது. அமாவாசையை ஒட்டிய நண்டு சதை, பௌர்ணமி நண்டு காலி என்று மீன் விற்கிறவர்கள் சொல்வார்கள். நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு உண்டு. கப்பல் அட்டவணை நிலாவைப் பார்த்துப் போடுவதில்லையே, ஆகவே கையால் சோதிப்பதுதான் வழி.

சோதனை இது. கட்டிய நண்டை மல்லாத்துங்கள். நடைக்கால்கள் உடம்போடு சேர்கிற இடத்தை ஒட்டி அடிப்பக்க ஓட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். கல் போல நின்றால் எடுக்கலாம். தகர டப்பா போல அமுங்கி மேலே வந்தால் வேண்டாம். அடுத்து அடிவயிற்றின் நிறம். பளீரென்று வெள்ளையாக, கண்ணாடி போல இருந்தால் புது ஓடு. மங்கிய மஞ்சள், துரு போன்ற கறை, ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு சிப்பி இவையெல்லாம் ஓடு பழையது என்பதற்கு அடையாளம், அதாவது உள்ளே சதை நிரம்ப நேரம் கிடைத்திருக்கிறது. பார்வைக்கு அழகான நண்டைத் தள்ளிவிட்டு அழுக்கான நண்டை எடுப்பதுதான் இங்கே கெட்டிக்காரத்தனம். மூன்றாவது, கொடுக்கின் உட்பக்கப் பற்கள். வெள்ளையாகக் கூராக இருந்தால் இப்போதுதான் ஓடு மாற்றியது. மழுங்கிப் பழுப்பேறியிருந்தால் நிறைய நாள் நத்தையும் சிப்பியும் உடைத்துத் தின்றிருக்கிறது. கடைசியாக, ஒரே அளவுள்ள இரண்டு நண்டை இரு கையிலும் தூக்கிப் பாருங்கள். கனக்கிறதை எடுங்கள்.

ஆணா பெண்ணா என்பது வயிற்று மடலில் தெரியும். ஆணுக்கு ஒடுங்கிய முக்கோணம், முதிர்ந்த பெண்ணுக்கு அகன்ற அரைவட்டம். கொடுக்குச் சதை வேண்டுமானால் ஆண். முட்டை வேண்டுமானால் பெண். பெண் நண்டில் ஓடும் மடலும் சேர்கிற பின்விளிம்பை லேசாக அழுத்தி வெளிச்சத்தில் பார்த்தால் ஆரஞ்சு நிறம் தெரியும். அது தெரியாமல் முட்டை நண்டு என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பூ நண்டில் மடலுக்கு வெளியே கொத்தாக முட்டை சுமப்பதைச் சில கடையில் பார்க்கலாம். அதை வாங்காதீர்கள். அந்த வெளி முட்டையில் ருசியும் இல்லை, கடலுக்குப் போக வேண்டிய குஞ்சுகளும் வீண்.

உயிர் இருக்கிறதா என்பதைக் கண்ணில் பார்க்க வேண்டும். கண்ணருகே விரலைக் கொண்டுபோனால் கண் உள்ளே ஒடுங்க வேண்டும். தூக்கினால் கால்கள் தொங்கிப்போய் ஆடினால் அது சாகப் போகிற நண்டு. சேற்று நண்டு தண்ணீருக்கு வெளியேயும் செவுள் ஈரமாக இருக்கும் வரை சில நாள் தாங்கும். ஈரச்சாக்கு மூடிய கூடையில் வைத்திருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். கண்ணாடித் தொட்டியில் பல நாள் பட்டினி கிடந்த நண்டைவிடக் காலையில் வந்த கூடை நண்டு மேல். தொட்டியில் இருக்க இருக்கச் சதை சுருங்கிக்கொண்டே போகும். ஆகவே "எப்ப வந்தது, முதலாளி?" என்ற கேள்வியை விடவே கூடாது. செத்த சேற்று நண்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். செத்ததும் அதன் செரிமானச் சுரப்பியிலிருந்து வரும் நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கிவிடும். வெந்த பிறகு மாவு போல உதிரும், கிருமியும் பெருகியிருக்கும்.

எடை, விலை, ரசீது

விலைப்பட்டியலில் எண் இல்லாமல் "அன்றைய விலை" என்று போட்டிருந்தால், உட்காருவதற்கு முன்பே கிலோ எவ்வளவு என்று கேட்க வேண்டும். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பிறகு எடையை நம் கண் முன்னால் போடச் சொல்ல வேண்டும். மலாயில் "திம்பாங் டூலு" என்றால் போதும், முதலில் நிறுத்துக் காட்டு என்று பொருள். கட்டியிருக்கும் கயிறு மெல்லிய ராஃபியா என்றால் பரவாயில்லை. தடித்த நார்க்கயிறு தண்ணீரில் ஊறியிருந்தால் அதுவும் நண்டு விலைக்குத்தான் போகும். ஒரு பேச்சுக்குக் கிலோ 80 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொண்டால், 60 கிராம் ஈரக் கயிற்றுக்கு 4 வெள்ளி 80 காசு. நாலு நண்டுக்கு அது 19 வெள்ளிக்கு மேல்.

எவ்வளவு வாங்குவது? சேற்று நண்டில் ஓடும் செவுளும் போக, கையில் வருகிற சதை மொத்த எடையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான். 500 கிராம் நண்டு ஒருவருக்கு நிறைவான அளவு. சோறும் வேறு கறியும் இருந்தால் இருவருக்கு ஒரு நண்டு போதும். நாலு பேர் வந்தால் இரண்டு பக்குவம், ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு சிறிய நண்டு என்று கேளுங்கள். பெரிய நண்டு ஒன்றைப் பிய்த்துப் பங்கு போட்டால் கொடுக்கு யாருக்கு என்று மனத்தாங்கல் வரும்.

தொட்டிக்கடையில் மேசையில் தானாக வந்து உட்காருகிற வேர்க்கடலை, ஈரத்துண்டு, சீனத் தேநீர் மூன்றும் பெரும்பாலும் ரசீதில் ஏறும். தொட்டுக்கொள்ளப் பொரித்த மந்தாவ் ரொட்டியும் அப்படியே. வேண்டாம் என்றால் அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முஸ்லிம் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீனக் கடைகள் சிலவற்றில் ஆவியில் வேகவைக்கும் நண்டுக்கு அரிசி மதுவும் வறுக்கப் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பது வழக்கம். கேட்டுவிட்டு உட்காருங்கள், அல்லது மலாய்க் கடையில் மிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்த்த மாசாக் லெமாக் நண்டைத் தேடுங்கள். அது இந்தப் பக்கத்தில் அருமையாக இருக்கும்.

எந்த நண்டுக்கு எந்தப் பக்குவம்

சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய நண்டு என்றால் ஆவியில் வேகவைக்கச் சொல்லுங்கள். இஞ்சி போதும். 500 கிராம் நண்டுக்கு 12 முதல் 15 நிமிடம். ஓடு சிவந்ததுமே வெந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. சூடு பட்டதும் ஓட்டிலுள்ள புரதம் பிரிந்து அடியில் இருந்த சிவப்பு நிறமி வெளிப்படுகிறது, அவ்வளவுதான். அது முதல் சில நிமிடத்திலேயே நடந்துவிடும். கொடுக்கை உடைத்தால் சதை வெள்ளையாக, ஓட்டை விட்டுத் தானாகக் கழன்று வர வேண்டும். கண்ணாடி போல ஒட்டிக்கொண்டிருந்தால் மறுபடி அடுப்புக்கு அனுப்புங்கள்.

கம் ஹியோங் என்பது மலேசியச் சீனச் சமையல்காரர்கள் நம் கறிவேப்பிலையையும் கறித்தூளையும் எடுத்துத் தங்கள் காய்ந்த இறாலோடும் ஊசி மிளகாயோடும் புரட்டிச் செய்த பக்குவம். தெலுக் பங்லிமா காராங் தொட்டிக்கடையில் தமிழர் முதலில் கேட்க வேண்டியது இதுதான். சரியாகச் செய்தால் தட்டின் அடியில் குழம்பு நிற்காது. மசாலா ஓட்டோடு ஒட்டிக் காய்ந்திருக்கும், கறிவேப்பிலை மொறுமொறுப்பாக இருக்கும். குழம்பு வழவழவென்று ஓடினால் சோளமாவு கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். இறால் கருகிக் கசந்தால் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. மிளகாய்க் குழம்பும் உப்பு முட்டையும் நடுத்தர நண்டைக் காப்பாற்றும். முதல் தர நண்டை அதில் போடுவது வீண்.

தமிழர் கடைப் பெரட்டல் வேறு உலகம். ஒரு கிலோ நண்டுக்குக் கணக்கு ஏறத்தாழ இப்படி: சின்ன வெங்காயம் 150 கிராம், இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, தக்காளி இரண்டு, மசாலாத்தூள் மூன்று மேசைக்கரண்டி, தாளிக்கச் சோம்பு, பட்டை, அன்னாசிப்பூ ஒன்று, கைநிறையக் கறிவேப்பிலை. நண்டை முதலில் பனிக்கட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மயங்கவைத்த பிறகே வெட்ட வேண்டும். துடிக்கத் துடிக்கச் சூட்டில் போட்டால் கொடுக்கையும் காலையும் தானே உதறிவிடும், சதைக்குள் தண்ணீர் புகும். மேல் ஓட்டைப் பிரித்து, விரல் போல் நீண்டிருக்கும் செவுளையும் வாய்க்குப் பின்னாலுள்ள இரைப்பையையும் எடுத்துவிட்டு, நாலாக வெட்டி, கொடுக்கை ஒரே ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நொறுக்கினால் ஓட்டுச் சில் மசாலாவில் கலந்து பல்லில் அரைபடும்.

பெரட்டலில் நடக்கும் பெரிய தவறு தண்ணீர். நண்டு வேகும்போதே தண்ணீர் விடும். அதை மறந்து இரண்டு கோப்பை ஊற்றிவிட்டு, அது வற்றும் வரை 30 நிமிடம் கொதிக்கவிட்டால் சதை நாராகிவிடும். மசாலா எண்ணெய் பிரிந்த பிறகு நண்டைப் போட்டு, அரைக் கோப்பைத் தண்ணீர் மட்டும் தெளித்து, மூடி 8 நிமிடம், திறந்து கிளறி 6, 7 நிமிடம். கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி சேர்த்து ஒரு சூடு காட்டி இறக்க வேண்டும். பால் சேர்த்த பிறகு கொதித்தால் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும். மேசைக்கு வந்த தட்டில் மசாலா ஓட்டைப் பூசியிருக்க, உடைத்த கொடுக்குக்குள் சதை வெள்ளையாக ஈரமாக இருந்தால் அந்தக் கைக்கு மரியாதை செய்யலாம். மீந்த கால்களைத் தட்டி மிளகும் சீரகமும் பூண்டும் போட்டு ரசம் வைக்கச் சொன்னால் பல கடைகளில் வைத்துத் தருவார்கள். தோட்டத்து வீடுகளில் சளி பிடித்தவருக்கு வைக்கிற ரசம் அது. பூ நண்டின் கால் இதற்கு இன்னும் பொருத்தம், இனிப்பாக இருக்கும்.

வாயில் வைத்ததும் சிறுநீர் நெடி போல மூக்கில் ஏறினால் நிறுத்திவிடுங்கள். அது அம்மோனியா, நண்டு அடுப்புக்குப் போகும் முன்பே கெட்டிருக்கிறது. மசாலா காரம் என்று சமாதானம் செய்துகொண்டு தின்ன வேண்டாம், தட்டைத் திருப்பி அனுப்பலாம். ஓட்டுக்குள் இருக்கும் பச்சை கலந்த மஞ்சள் கூழ் பலருக்குப் பிடிக்கும். அது நண்டின் செரிமானச் சுரப்பி, உலோகக் கழிவுகள் தங்குகிற இடமும் அதுதான். தொட்டு ருசிக்கலாம், சோற்றில் பிசைந்து முழுதும் தின்ன வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

மற்றத் துறைமுகங்களைப் பற்றி இரண்டு வரி. பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நண்டை மட்டும் பார்க்காமல் மற்றதையும் சாப்பிட அது சிறந்த ஊர். சிங்கப்பூரில் மிளகாய் நண்டு பெயர் பெற்றது, சமையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே தட்டில் விழும் பெரிய நண்டுகளில் பல இலங்கையிலிருந்து வந்தவை, விலையும் அதற்கேற்ப.

சாப்பிட்டு முடித்ததும் கைக்கு எலுமிச்சம்பழமும் ஆறிய தேநீரும் கேளுங்கள், சவர்க்காரத்தைவிட நெடி நன்றாகப் போகும். சிறிய கடைகளில் ரொக்கம்தான் சிக்கலில்லாதது. 10 வெள்ளி, 20 வெள்ளித் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். மீந்த பெரட்டலைத் தபாவ் கட்டிக்கொண்டு கப்பலுக்குப் போக முடியாது, சமைத்த உணவை வெளியிலிருந்து உள்ளே விடாத கப்பல்களே பெரும்பாலும். அதை உங்களுக்காகக் காத்திருந்த ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு 2 மணிக்கு வண்டியைக் கிளப்பச் சொல்லுங்கள். விரைவுச்சாலை வரை செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மெதுவாகத்தான் போக வேண்டியிருக்கும்.